அடைத்தாயிற்று என்ற சொல்லுக்குப் பிறகு

நான் செய்த ஒரு மொழிபெயர்ப்புப் பிழையைப் பற்றிப் பல மாதங்களாக எழுத நினைத்திருந்தேன். மொழியியலில் முதுகலை படித்தவன் நான். இப்போது தில்லியில், புலம்பெயர்ந்து வாழும் குடும்பங்கள் மருத்துவமனைகளில் தங்கள் நோயை எந்த மொழியில், எந்தச் சொற்களால் எடுத்துரைக்கின்றன என்பது குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். ஆகவே இந்தப் பிழையைச் செய்ய எவருக்கேனும் உரிமை இல்லையென்றால், அது எனக்குத்தான். சம்பந்தப்பட்ட தாயின் ஒப்புதலோடு, அடையாளங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து இருபது ஆண்டுகளுக்கு முன்பு தில்லிக்கு வந்து, வீட்டு வேலை செய்து பிழைக்கும் ஒரு பெண்மணி. பதினோரு வயது மகனை அரசு மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் வெளிநோயாளிப் பிரிவுக்கு அழைத்து வந்திருந்தார். சந்தையிலும் வேலைக்குப் போகும் வீடுகளிலும் அவருடைய இந்தி நன்றாகவே செல்லும். மருத்துவர் முன்னால் அது திக்கியது. களப்பணிக்காக அங்கே இருந்த என்னிடம், “தம்பி, நீங்களே சொல்லிடுங்க” என்றார்.

அவர் சொன்னவை இரண்டே வாக்கியங்கள். “ஓடுறப்ப மயக்கம் வருதுங்கிறான்.” மருத்துவர் பழைய நோய் ஏதும் உண்டா என்று கேட்டபோது, “சின்னதுல நெஞ்சுல ஓட்டை இருந்துச்சு, ஆப்பரேசன் பண்ணி அடைச்சாச்சு.”

முதல் வாக்கியத்தில் இருந்த மயக்கத்தை நான் இந்தியில் ‘சக்கர்’ என்றேன். இரண்டாவது வாக்கியத்தின் முடிவை ‘டீக் ஹோ கயா’ என்றேன். அதாவது, பையனுக்குத் தலைசுற்றுகிறது, இதயத்தில் இருந்த ஓட்டை சரியாகிவிட்டது. வரிசையில் இன்னும் அறுபது எழுபது பேர் காத்திருந்தார்கள். மருத்துவர் பொறுமையாகவே பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். அந்த நேரத்தில் துடிப்பு சீராக இருந்தது. கண் இமையின் உட்புறம் வெளுத்திருந்ததால் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். என்னுடைய மொழிபெயர்ப்பைக் கொண்டு பார்த்தால் அது நியாயமான முடிவுதான்.

ஐந்து வாரங்கள் கழித்துப் பள்ளி மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த சிறுவன் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் முகம்குப்புற விழுந்தான். முன்பல் ஒன்று உடைந்தது. ஒரு நிமிடத்துக்குள் நினைவு திரும்பியது. இதய நோய்ப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். 24 மணி நேர இதயப் பதிவில், இதயத்தின் மேலறை பிறப்பிக்கும் மின்கட்டளை இடையிடையே கீழறையை எட்டாமலே போவது தெரிந்தது. பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். பையன் பிழைத்தான்.

பிறகுதான் நான் அந்தத் தாயிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். மயக்கம் என்றால் தலைசுற்றலா, நினைவு தப்புவதா? அவர் என்னை வியப்போடு பார்த்தார். “மயக்கம்னா மயக்கந்தானே தம்பி. ரெண்டு தடவ கண்ணு இருட்டிக்கிட்டு உக்காந்துட்டான். ஒரு தடவ விழுந்தே போனான்.”

தமிழில் மயக்கம் என்ற சொல்லுக்குள் தலைசுற்றல், நினைவிழப்பு, போதை, மோகம், குழப்பம் எல்லாம் அடங்கும். அறுவைக்கு முன் போடும் ஊசியும் மயக்க ஊசிதான். இலக்கண மாணவர்களாகிய நாம் மெய்ம்மயக்கம் படித்தோம். தொல்காப்பியத்தில் வேற்றுமை மயங்கியல் என்று ஓர் இயலே உண்டு. மயக்கத்தைப் பற்றி அவ்வளவு படித்த நான், ஒரு தாயின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தபோது அதன் பொருள்களைப் பிரித்துக் கேட்காமல் விட்டேன். இந்தியிலோ ‘சக்கர்’ வேறு, ‘பேஹோஷ்’ ஆவது வேறு. இதய மருத்துவத்தில் இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் மிகப் பெரிது. வெயிலில் வரிசையில் நிற்கும் பிள்ளை தலைசுற்றி உட்காருவது பெரும்பாலும் தீங்கற்றது. இதயத்தில் அறுவை செய்துகொண்ட பிள்ளை ஓடும்போது நினைவிழந்து விழுவது, அன்றைக்கே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டிய அறிகுறி.

ஆனால் என் முதல் பிழையைவிட இரண்டாவது பிழையே பெரிது என்று இப்போது கருதுகிறேன். இந்தப் பதிவும் அதைப் பற்றியதுதான்.

பையனுக்கு மூன்று வயதில் செய்த அறுவையின் வெளியேற்றுச் சுருக்கத்தை அந்தத் தாய் நெகிழி உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். எட்டு ஆண்டுகளாக அதை யாரும் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. ஆங்கிலத்தில் அதில் ஒரு வரி இருந்தது. அறுவைக்குப் பின் சில நாட்கள் ‘ஹார்ட் பிளாக்’ ஏற்பட்டது, தற்காலிகமாக வெளியிலிருந்து துடிப்பூட்டினோம், பிறகு இயல்புத் துடிப்பு திரும்பியது, தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதை அவருக்குத் தமிழில் விளக்க முயன்றேன். “அறுவைக்கு அப்புறம் இதயத்துல ஓர் அடைப்பு வந்திருக்கு அக்கா” என்றேன். அவர் உடனே, “ஆமா, ஓட்டையத்தானே அடைச்சாங்க” என்றார்.

தமிழில் ஓட்டையை மூடுவதும் அடைப்பு. மாரடைப்பில் ரத்தக்குழாய் தடைபடுவதும் அடைப்பு. மின்கட்டளை மேலறையிலிருந்து கீழறைக்குப் போகாமல் நிற்பதையும் ‘பிளாக்’ என்ற சொல்லின் வழியே அடைப்பு என்றே மொழிபெயர்க்கிறோம். முதலாவது தீர்வு, இரண்டாவது குழாயின் நோய், மூன்றாவது மின்சாரத்தின் நோய். மூன்றுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டு, குடும்பங்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று நாம் குறைசொல்கிறோம்.

அந்த மூன்றாவது அடைப்பு எப்படி வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதயம் தசையாலான பம்பு மட்டுமன்று. தனக்கென மின்கம்பி வலைப்பின்னல் உடையது. வலது மேலறையில் உள்ள சைனஸ் முனை கட்டளை பிறப்பிக்கிறது. அது மேலறைகளில் பரவி, நடுவிலுள்ள ஒரு முனையில் கணநேரம் தங்கி, ஹிஸ் கற்றை எனப்படும் மெல்லிய இழையின் வழியாகக் கீழறைகளுக்கு இறங்குகிறது. கீழறைகளுக்கு இடையிலான சுவரில் மிகப் பரவலாகக் காணப்படும் ஓட்டையின் விளிம்பை ஒட்டித்தான் இந்தக் கற்றை ஓடுகிறது. ஓட்டையை மூடத் தையல் போடும்போது அந்த இழை காயப்படலாம், வீங்கலாம், பின்னாளில் தழும்பில் சிக்கலாம். நிலையான மின்தடை இன்று நூற்றுக்கு ஓரிருவருக்கே ஏற்படுகிறது. சிலருக்குச் சில நாட்களில் துடிப்பு தானாக மீள்கிறது. மீண்டவர்களில் மிகச் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து அதே தடை திரும்பி வருகிறது. நம் சிறுவன் அந்த மிகச் சிலரில் ஒருவன்.

பேஸ்மேக்கர் என்றால் நமக்கு முதியவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். உடலில் அணியும் மின்கல பேஸ்மேக்கரின் வரலாறோ இத்தகைய குழந்தைகளிடமிருந்தே தொடங்குகிறது. 1950களில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வால்டன் லில்லிஹை என்ற அறுவை மருத்துவர் குழந்தைகளின் இதய ஓட்டைகளை மூடத் தொடங்கியபோது, சிலருக்கு இந்த மின்தடை ஏற்பட்டது. சுவர் மின்சாரத்தில் இயங்கும் பெரிய கருவியால் அவர்களுக்குத் துடிப்பூட்டினார்கள். 1957 அக்டோபர் 31 அன்று நகரில் மின்சாரம் தடைபட்டது. மின்கலத்தில் இயங்கும் கருவி ஒன்று வேண்டுமென்று, மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்த்துவந்த ஏர்ல் பேக்கனிடம் லில்லிஹை கேட்டார். மின்னணுவியல் இதழ் ஒன்றில் வெளியாகியிருந்த, இசை பயில்வோர் தாளம் தப்பாமலிருக்கப் பயன்படுத்தும் மெட்ரோனோம் கருவியின் சுற்றமைப்பை மாற்றியமைத்து, சில வாரங்களில் அவர் அதைச் செய்துகொடுத்தார். அறுவைக்குப் பின் தாளம் தப்பும் என்பது, ஆகவே, புதிதாகக் கண்டறிந்த செய்தி அன்று. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த செய்தி. அது தாய்மார்களின் மொழிக்கு வந்து சேரவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

மின்தடை இந்தக் கதையின் ஒரு கிளை மட்டுமே. சில பிறவிக் குறைகளில் தாளக்கேடு அறுவைக்கு முன்பே கருவிலேயே எழுதப்பட்டிருக்கும். எப்ஸ்டைன் குறைபாட்டில், மேலறைக்கும் கீழறைக்கும் இடையே இயல்பில் இல்லாத குறுக்குவழி ஒன்று பலருக்கு இருப்பதால் துடிப்பு திடீரென்று பாய்ந்தோடும். வேறு சில குறைகளில் அறுவை நல்லபடி முடிந்து, பிள்ளை வளர்ந்து, பத்து இருபது ஆண்டுகள் கழித்துத் தாளம் தப்பும். நீலக் குழந்தைகள் என்று நாம் சொல்பவர்களில் பலருக்கு இருப்பது ஃபேலோவின் நான்மைக் குறைபாடு. அவர்களுக்குச் செய்யும் அறுவையில் கீழறையில் தழும்பு விழுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல வலது கீழறை விரிகிறது. அந்தத் தழும்பைச் சுற்றி மின்னோட்டம் வட்டமிடத் தொடங்கினால் உயிருக்கே ஆபத்தான வேகத் துடிப்பு வரலாம். ஒற்றைக் கீழறையோடு பிறந்தவர்களுக்குச் செய்யும் ஃபான்டான் அறுவைக்குப் பிறகு இதே வட்டமிடல் மேலறையில் நிகழும். அப்போது துடிப்பு அளவுக்கு மீறி வேகமாக இல்லாமல், காய்ச்சல்காரப் பிள்ளையின் துடிப்பைப் போலவே தோன்றி, பார்ப்பவரை ஏமாற்றக்கூடும்.

யாரையும் அச்சுறுத்த இதைச் சொல்லவில்லை. எளிய ஓட்டை மூடப்பட்ட பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் மற்ற பிள்ளைகளைப் போலவே ஓடியாடி வாழ்கிறார்கள். இந்த அறுவைகள் மனிதகுலத்தின் மகத்தான சாதனைகளில் சேரும். ஆனால் சாதித்ததன் விளைவாகவே புதிய மக்கள்திரள் ஒன்று உருவாகியிருக்கிறது: இதயத்தில் தழும்போடு வளரும் பிள்ளைகளும் இளைஞர்களும். இந்தியாவில் ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறவி இதயக் குறையோடு பிறப்பதாக மதிப்பிடுகிறார்கள். அறுவை வசதி பெருகப் பெருக இந்தத் திரள் வளரும். இவர்களுக்குத் தேவைப்படுவது ஆண்டுக்கொரு முறை பரிசோதனையும், எப்போது ஓடிவர வேண்டும் என்ற தெளிவும். இரண்டுமே சொல்லைப் பொறுத்தவை.

இங்கேதான் ‘அடைத்தாயிற்று’ என்ற வினைமுற்றுக்குத் திரும்புகிறேன். அடைத்தார்கள், அடைத்துவிட்டார்கள், அடைத்தாயிற்று ஆகிய மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். முதலாவது ஒரு செயலைச் சொல்கிறது. ‘விடு’ என்ற துணைவினை ஏறியதும் செயல் முற்றுப்பெற்றது, மீளாது என்ற உறுதி சேர்கிறது. ‘ஆயிற்று’ சேரும்போது, இனி இதில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற விடுதலையும் சேர்கிறது. சாப்பிட்டாயிற்று, வாடகை கட்டியாயிற்று, அடைத்தாயிற்று. இந்தியின் ‘ஹோ கயா’ அதே வேலையைச் செய்கிறது. மருத்துவர்களின் ஆங்கிலமும் குற்றமற்றதன்று. ஃபேலோ குறைபாட்டுக்கான அறுவையை நம் மருத்துவமனைகள் இன்றும் ‘டோட்டல் கரெக்‌ஷன்’ என்கின்றன. ‘டோட்டல்’ என்று கேட்ட பிறகு எந்தக் கூலித்தொழிலாளி ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மறுபரிசோதனைக்கு வருவார்? அந்தத் தாய் இரண்டு ஆண்டுகள் வந்தார். பிறகு நின்றுவிட்டார். அவர் அலட்சியமாக இருக்கவில்லை, இலக்கணத்தை நம்பினார்.

சொற்சிக்கல் தமிழோடு முடிவதில்லை. இந்தியில் ‘கபராஹட்’ என்பது பதற்றத்தையும் குறிக்கும், நெஞ்சுப் படபடப்பையும் குறிக்கும்; தேர்வுக்கு முந்தைய நாள் ஒரு மாணவி அதைச் சொன்னால் எவரும் அவள் நாடியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. ‘தௌரா’ என்பது வலிப்புக்கும் வரும், மாரடைப்புக்கும் வரும். பிள்ளை விழுந்து துடித்தது என்று கேட்டதும் ‘மிர்கி’ என்ற முடிவுக்குப் போவது எளிது. இதயம் சில நொடிகள் நின்றாலே மூளைக்கு ரத்தம் குறைந்து கைகால்கள் வெட்டி இழுக்கும். அது வலிப்பு நோயாகவே தோன்றும். சிறு குழந்தைகளுக்கோ படபடப்பு என்ற சொல்லே தெரியாது. வயிறு வலிக்கிறது என்பார்கள். “சட்டைக்குள்ள மீன் துள்ளுது” என்றாள் என் களப்பணியில் சந்தித்த ஐந்து வயதுச் சிறுமி. அவள் பாட்டி அதைக் கேட்டுச் சிரித்தார். அது மிகத் துல்லியமான மருத்துவ விவரணை.

இந்த இடத்தில் என் நண்பர் ஒருவர் எழுப்பிய மறுப்பைச் சொல்ல வேண்டும். அவர் சமூக மருத்துவம் பயில்பவர். “உன் துறை மொழி என்பதால் எல்லாவற்றையும் மொழியாகப் பார்க்கிறாய். மக்கள் மறுபரிசோதனைக்கு வராததற்குக் காரணம் பணமும் தூரமும், துணைவினை அன்று” என்றார். இந்த மறுப்பின் பெரும்பகுதி உண்மை. 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் பிரதமர் மக்கள் நலக் காப்பீடு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு அளிக்கிறது. வீடு திரும்பிய பின் 15 நாட்கள் வரையிலான செலவுகளையும் ஏற்கிறது. வெளிநோயாளிச் சிகிச்சை பொதுவாக அதன் வரம்புக்குள் வராது. தழும்பின் தாளக்கேடோ 15 ஆண்டுகள் கழித்து வருகிறது. ஊரிலிருந்து தலைநகருக்கு ரயிலேறி, ஒருநாள் தங்கி, ஒரு ஈ.சி.ஜி. எடுத்துத் திரும்பும் செலவு குடும்பத்தின் தலையில்.

ஆனால் இந்தக் காப்பீட்டு வரையறையும் ஒரு மொழிதான் என்று நான் அவருக்குப் பதில் சொன்னேன். தங்கிப் பெறுவதே சிகிச்சை, அறுவையோடு நோய் முடிகிறது என்று நம்பும் அரசின் இலக்கணமும் அந்தத் தாயின் ‘அடைச்சாச்சு’வும் வேறுவேறல்ல. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் குழுக்கள், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளை அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பரிசோதிக்கின்றன. பிறவி இதயக் குறை அவர்களின் பட்டியலில் உண்டு. குறையைக் கண்டுபிடித்து அறுவைக்கு அனுப்புவதே அதன் முதன்மை நோக்கம். அறுவை முடிந்து திரும்பிய பிள்ளையை அதே குழு ஆண்டுதோறும் நாடி பார்த்து, அருகிலுள்ள மருத்துவமனையில் ஒரு ஈ.சி.ஜி.க்கு அனுப்புவதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. ஈ.சி.ஜி. எடுக்கச் சில நிமிடங்கள் போதும். அந்தக் கருவி மாவட்ட மருத்துவமனைகளில் இருக்கிறது. பள்ளிப் பதிவேட்டில் ‘இதய அறுவை செய்துகொண்டவர்’ என்ற ஒரு பத்தி இருந்தால் போதும்.

என் வேண்டுகோள்கள் பெரியவை அல்ல.

முதலாவது, இதய அறுவை முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொரு குழந்தைக்கும் வெளியேற்றுச் சுருக்கத்தோடு, குடும்பத்தின் மொழியில் ஒரே ஒரு பக்கம் தரப்பட வேண்டும். என்ன அறுவை, எதை மூடினார்கள், துடிப்பில் ஏதேனும் சிக்கல் வந்ததா, எத்தனை ஆண்டுகளுக்கு எப்போதெல்லாம் ஈ.சி.ஜி., எந்த அறிகுறி கண்டால் அன்றே வர வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு யாராவது படித்துக் காட்டும்படியான மொழியில் அது இருக்க வேண்டும். ‘சரியாகிவிட்டது’ என்று எழுதாதீர்கள். ‘மூடியிருக்கிறோம், ஆண்டுதோறும் பார்த்துவர வேண்டும்’ என்று எழுதுங்கள்.

இரண்டாவது, பல மொழியினர் வரும் மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பு பயிற்சி பெற்றோரின் வேலையாக வேண்டும். இன்று அது காவலாளியும், பக்கத்து நோயாளியும், சில சமயம் எட்டு வயது மகளும் செய்யும் இலவச உதவி. நல்லெண்ணம் போதாது என்பதற்கு நானே சான்று.

மூன்றாவது, மொழியியல், மொழித்துறை மாணவர்களுக்கு. அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் 1961 முதல் இயங்குகிறது. மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் இயங்குகிறது. கலைச்சொல்லாக்கத்தில் நமக்கு நீண்ட மரபு உண்டு. ஆனால் நாம் ஆக்கிய சொற்கள் பெரும்பாலும் மேலிருந்து கீழே இறங்குபவை, பாடநூலுக்குரியவை. நோயாளியின் வாயிலிருந்து மருத்துவரின் காதுக்கு ஏறும் சொற்களை எவரும் தொகுக்கவில்லை என்றே சொல்லலாம். கண் இருட்டுதல், நெஞ்சு அடித்துக்கொள்ளுதல், கிறுகிறுப்பு, சட்டைக்குள் துள்ளும் மீன். இவற்றை மாவட்டவாரியாக, மொழிவாரியாகத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே மருத்துவர் கேட்க வேண்டிய அடுத்த கேள்வியை எழுதினால், அது எந்த அகராதிக்கும் குறைந்த பணியன்று. ஆய்வுத் தலைப்பு தேடும் தம்பி தங்கைகள் இதை எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் உள்ள குறிப்புகளை, பெயர்களை நீக்கிவிட்டுத் தரத் தயாராக இருக்கிறேன்.

சென்ற மாதம் அந்தத் தாயை மீண்டும் சந்தித்தேன். பையன் இப்போது பள்ளிக்குப் போகிறான். நெஞ்சில் மேடாகத் தெரியும் இடத்தைத் தொட்டுப் பார்த்து, நண்பர்களிடம் பெருமையடித்துக்கொள்கிறானாம். அவர் என்னிடம், “இப்ப எல்லாம் சரியாயிருச்சுல்ல தம்பி?” என்று கேட்டார். வழக்கமாக அந்தக் கேள்விக்கு ஆமாம் அக்கா என்பதுதான் மரியாதையான பதில்.

“நல்லா இருக்கான் அக்கா. ஆனா வருசா வருசம் காட்டணும். அந்தக் கருவியோட பேட்டரியும் சில வருசத்துல தீரும், அப்ப மாத்தணும்” என்றேன். சற்று நேரம் அமைதியாக இருந்தார். பிறகு நெகிழி உறையிலிருந்து காகிதங்களை எடுத்து என்னிடம் நீட்டி, “அத இதுலயே தமிழ்ல எழுதிக் குடுத்துடுங்க” என்றார்.

எழுதிக்கொடுத்தேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன்பே அதை யாரேனும் எழுதியிருக்கலாம்.